நாற்காலியின் கால்கள்: ரோமானியக் காசுகளின் வகைகளைச் சேகரிப்பது பற்றி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ரோமானியக் காசு என்றதும் நம் மேடைகளில் பேச்சு உடனே வாணிகத்துக்குப் போய்விடும். யவனர் கப்பல், முசிறித் துறை, மிளகு, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்ற ரோமானிய எழுத்தாளர் பிளினியின் வருத்தம். இவை எல்லாம் உண்மை, முக்கியமானவை. ஆனால் அந்தப் பேச்சில் காசு ஒரு சான்றாக வந்து நின்றுவிட்டுப் போய்விடும். அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நான் இன்று அதைத் திருப்பிப் பார்க்க வந்திருக்கிறேன். ஒரே பேரரசர், ஒரே மதிப்பு, ஒரே உருவம் என்று தோன்றும் காசுகளுக்குள் இருக்கும் மிகச் சிறிய வேறுபாடுகளைத் தேடிச் சேர்ப்பது ஏன் மதிப்புள்ள உழைப்பு என்பதுதான் என் பொருள்.

பழங்காசு சேர்க்கும் ஆசை ரோமானியர்க்கே இருந்தது. பேரரசர் அகஸ்டஸ் விழா நாட்களில் நண்பர்களுக்குக் கொடுத்த பரிசுகளில் பழைய அரசர்களின் காசுகளும் வெளிநாட்டுக் காசுகளும் இருந்தன என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். பிறகு, 1354இல் கவிஞர் பெத்ரார்க் மாந்துவா நகரில், பேரரசராக முடிசூட இருந்த நான்காம் சார்லஸைச் சந்தித்தபோது, தாம் சேர்த்து வைத்திருந்த ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகள் சிலவற்றை அவருக்குக் கொடுத்தார். இந்த முகங்களைப் பாருங்கள், இவர்களைப் போல் ஆளுங்கள் என்பது அந்தப் பரிசின் செய்தி. பெத்ரார்க்குக்கு வேண்டியிருந்தது முகம். அவருக்குப் பின் வந்த பெரும்பாலான சேகரிப்பாளர்களும் முகத்தைத்தான் தேடினார்கள். ஒரு பேரரசருக்கு ஒரு காசு. ஆல்பத்தில் ஓர் அறை நிரம்பியதும் அடுத்தவர். இன்றும் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். தொடக்கமாக அது சரி. ஆனால் அந்த வரிசை நிறைந்த பிறகும் அவர்களுக்கு ரோமைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றும் தெரிந்திருக்காது என்பது என் கருத்து.

காரணத்தைச் சொல்ல, காசு எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டு அச்சுகள். முகம் உள்ள அச்சு கீழே பட்டடையில் அசையாமல் பதிந்திருக்கும். பின்பக்க அச்சு மேலே. இரண்டுக்கும் நடுவே வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சின் தலையில் சம்மட்டியால் ஓர் அடி. அடியை நேராக வாங்குவதால் மேல் அச்சு சீக்கிரம் விரிசல் விட்டுப்போகும். உடனே புதிய அச்சு வேண்டும். அதை ஒரு கைவினைஞர் மறுபடியும் தம் கையால், இடம் வலமாகத் திருப்பி, உலோகத்தில் குடைந்து செதுக்க வேண்டும். ஆகவே எந்த இரண்டு அச்சும் ஒன்றாக இராது. ஒன்றில் மூக்கு நீளும், இன்னொன்றில் எழுத்து நெருங்கும். இது கை வேறுபாடு. இதற்கு மேல் இன்னொரு வகை வேறுபாடு இருக்கிறது: நாணயச்சாலையே வேண்டுமென்று செய்தது. ஒரு குறி, ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஒரு கோடு. இது நிர்வாகத்தின் கணக்கு. முதலாவதை இரண்டாவதிலிருந்து பிரித்தறிவதில்தான் சேகரிப்பாளரின் தேர்ச்சி இருக்கிறது.

குடியரசுக் காலத்தில் இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. கி.மு. 79இல் லூசியஸ் பாப்பியஸ் என்பவர் நாணயச்சாலை அதிகாரிகளில் ஒருவராக இருந்தார். லானுவியம் என்ற ஊரோடு தொடர்புள்ள குடும்பம். தம் காசின் முன்பக்கத்தில் அந்த ஊரின் காவல் தெய்வமான ஜூனோ சொஸ்பிதாவை, ஆட்டுத்தோல் தலைப்பாகையோடு செதுக்க வைத்தார். பின்பக்கத்தில் பாயும் கிரிஃபின்: கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு. விளிம்பைச் சுற்றி ரம்பப் பல் போல வெட்டுகள். இதுவரை எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் ஜூனோவின் தலைக்குப் பின்னால் ஒரு சின்னப் பொருளின் உருவம் இருக்கும். திருப்பினால் கிரிஃபினின் அருகே அதற்கு இணையான இன்னொரு பொருள் இருக்கும். அடுத்த காசில் வேறு ஓர் இணை. அதற்கடுத்ததில் வேறு. இப்படி 200க்கும் மேற்பட்ட இணைகள் நமக்குத் தெரிந்திருக்கின்றன. பாத்திரங்கள், தொழிற்கருவிகள், படைக்கலன்கள், விலங்குகள், வழிபாட்டுப் பொருட்கள்.

ஓர் இணைக்கு ஒரு சோடி அச்சுதான். அதாவது, நாணயச்சாலையின் கண்காணிப்பாளர் ஒரு காசை எடுத்துப் பார்த்தாலே அது எந்தச் சோடி அச்சிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். வெள்ளிக்குக் கணக்கு வைக்கும் முறை இது. குறிக்குப் பதில் எண் போட்டாலே போதுமே, இத்தனை அழகான பொருட்களை ஏன் செதுக்க வேண்டும்? எண் போட்டவர்களும் இருந்தார்கள். கி.மு. 82இல் புப்ளியஸ் கிரெபூசியஸ் தம் காசுகளின் பின்பக்கத்தில் எண்களை வரிசையாகப் போட்டார். அவை 500ஐத் தாண்டிப் போகின்றன. அந்த எண்களையும் முன்பக்கத்து எழுத்து, குறிகளையும் ஒப்பிட்டு நாணயச்சாலை எப்படி இயங்கியது என்று தியோடர் பட்ரி என்ற அறிஞர் 1976இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே ஒரு கிரெபூசியஸ் காசை மட்டும் வைத்திருப்பவர்க்கு அது வெறும் எண். நூற்றுக்கணக்கானவற்றை அடுக்கிப் பார்த்தவர்க்கு அது ஒரு தொழிற்கூடத்தின் நாட்குறிப்பு.

ஆனாலும் என் மனம் பாப்பியஸிடம்தான் போகிறது. ஒரு கைவினைஞர் நெல்மணி அளவு இடத்தில் தம் கண்முன் இருந்த உலகத்தைப் பொருள் பொருளாகச் செதுக்கி வைத்திருக்கிறார். ரோமானிய வீட்டிலும் பட்டறையிலும் என்னென்ன பொருள் புழங்கின என்பதற்கு அந்தக் காலத்து மனிதர் விட்டுச்சென்ற படப்பட்டியல் இது. சில ஆண்டுகள் கழித்து, அதே லானுவியம் ஊரைச் சேர்ந்த லூசியஸ் ரோசியஸ் ஃபபாத்தஸ் இதே முறையைப் பின்பற்றினார். அவர் காசின் பின்பக்கத்தில் ஒரு பெண் பாம்புக்கு உணவு கொடுப்பாள். அந்த ஊர்க் கோயிலில் நடந்த சடங்கு அது. அதிலும் இணைக் குறிகள் 200ஐத் தாண்டும். மைக்கேல் கிராஃபோர்ட் 1974இல் வெளியிட்ட குடியரசுக் காசுகளின் பட்டியல் நூலில் இந்த இணைகளுக்கென்றே படத்தகடுகள் உண்டு. அதற்குப் பிறகும் அந்தப் பட்டியலில் இல்லாத புதிய இணைகள் சேகரிப்பாளர்களின் கையிலிருந்து வந்தன. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர் அறிவுக்கு நேரடியாகச் சேர்க்கக்கூடிய துறைகள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

மார்க் அந்தோனியின் படையணிக் காசுகள் இன்னொரு வகை. கி.மு. 32–31இல், ஆக்டியம் கடற்போருக்கு முன், படைவீரர் சம்பளத்துக்காக அடித்தவை. முன்பக்கத்தில் துடுப்புக் கப்பல். பின்பக்கத்தில் இரண்டு கொடிகளுக்கு நடுவே கழுகு. கீழே படையணியின் எண்: இரண்டிலிருந்து இருபத்துமூன்று வரை. சில அணிகளுக்குப் பெயரும் உண்டு. அந்தோனியிடம் எந்தெந்த அணிகள் இருந்தன என்பதற்கு இந்தக் காசுகளே முதன்மைச் சான்று. எண் எழுதுவதிலும் வேறுபாடு இருக்கிறது. ஒன்பது என்பதை ஐந்துக்குப் பின் நான்கு கோடாக ஒருவர் செதுக்கினார், பத்துக்கு முன் ஒரு கோடாக இன்னொருவர் செதுக்கினார். இவற்றில் வெள்ளி மட்டு. அதனாலேயே இவை நெடுங்காலம் வாழ்ந்தன. நல்ல வெள்ளியை மக்கள் பதுக்கிவைத்தார்கள், இதைச் செலவு செய்தார்கள். இருநூறு ஆண்டுக்குப் பின் புதைந்த புதையல்களிலும் கப்பல் தேய்ந்து, கழுகு தேய்ந்து, எண் மட்டும் மங்கலாகத் தெரிய இவை கிடைக்கின்றன. தேய்ந்த காசை ஒதுக்கிவிடாதீர்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான். தேய்மானமும் ஒரு செய்தி.

பேரரசுக் காலத்தின் பிற்பகுதியில் காசுக்கு விலை குறைவு, வகை அதிகம். சின்ன வருமானத்தில் சேகரிப்பவர்க்கு இதுவே நல்ல களம். கி.பி. 276 முதல் 282 வரை ஆண்ட புரோபஸின் காசுகளில் டிசினம் நாணயச்சாலை ஒரு விந்தை செய்தது. அங்கே ஆறு பட்டறைகள். ஒவ்வொரு பட்டறையும் தன் காசில் ஒரே ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டது. முதல் பட்டறையிலிருந்து ஆறாவது வரை ஆறு காசுகளை வரிசையாக வைத்தால் 'ஈக்விதி' என்ற சொல் வரும். அது பேரரசரின் பெயரோடு தொடர்புடையது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கடைத்தெருவில் ஒரு காசை வாங்கிச் செலவழித்த ரோமானியர்க்கு இந்தச் சொல் கண்ணில் பட்டிருக்காது. ஆறையும் சேர்த்தவர்க்கு மட்டும் தெரியும்.

கான்ஸ்டன்டைன் காலத்துக் கோட்டைவாயில் காசுகளையும் நூறு ரோமானியக் காசு பார்த்தவர் யாரும் தவறவிட்டிருக்க மாட்டார். பேரரசரின் முன்னறிவைப் புகழும் எழுத்து, கீழே கல் அடுக்கிய வாயில். மேலே கோபுரம் எத்தனை, கதவு உண்டா, விண்மீன் உண்டா, கல் வரிசை எத்தனை என்று எண்ண வேண்டும். அடியில் நகரத்தின் சுருக்கெழுத்து இருக்கும்: லண்டன், டிரியர், அந்தியோக்கு. அதோடு பட்டறையின் எழுத்து. லண்டன் நாணயச்சாலை 325இல் மூடப்பட்டது, ஆகவே லண்டன் குறியுள்ள வாயில் காசுகளுக்கு ஒரு காலவரம்பு தானாகக் கிடைத்துவிடுகிறது. 348இல் தொடங்கிய 'நற்காலம் மீண்டது' வரிசையில் குதிரையிலிருந்து விழும் பகைவனைப் பாருங்கள். ஒன்றில் அவன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், ஒன்றில் தரையில் உட்கார்ந்துவிட்டான், ஒன்றில் ரோமானிய வீரனை நோக்கிக் கை நீட்டுகிறான். சில ஆண்டுகளிலேயே காசின் எடை சரிந்து, காசு சிறுத்துப் போகிறது. நற்காலம் மீண்டதாகச் சொன்ன காசிலேயே விலைவாசியின் நெருக்கடி எழுதியிருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

டைபீரியஸ் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டார். அவருடைய வெள்ளி தெனாரியஸ் காசின் முன்பக்கத்தில் வாகை சூடிய அவர் தலை. பின்பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் கிளை. 'பொந்திஃப் மாக்ஸிம்', தலைமைக் குரு, என்பது எழுத்து. அவள் அமைதித் தெய்வம் என்றும், அத்தெய்வத்தின் வடிவில் டைபீரியஸின் தாய் லிவியா என்றும் சொல்வார்கள். நற்செய்தி நூல்களில் வரி பற்றிய கேள்விக்கு இயேசு கேட்டு வாங்கிப் பார்த்த காசு இதுவே என்பது நெடுநாள் மரபு. லுக்துனும், அதாவது இன்றைய லியோன் நகரில் அடித்தது. ஆட்சியின் பெரும்பகுதியிலும் இந்த உருவம் மாறவே இல்லை. அதனால் பட்டியல் நூல்கள் இதை ஒரு சில எண்களில் முடித்துவிடுகின்றன. சேகரிப்பாளர்களும் ஒன்று வாங்கி அடுத்த பேரரசருக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் நாற்காலியைப் பாருங்கள். சிலவற்றில் அதன் கால்கள் வெறும் கம்பு. சிலவற்றில் கடைசல் வேலைப்பாடு. அவள் பாதத்தின் கீழ் சில காசுகளில் சிறு பலகை உண்டு, சிலவற்றில் இல்லை. நாற்காலிக்குக் கீழே ஒரு கோடு இருக்கும், அல்லது இரண்டு. கையில் இருப்பது சில நேரம் செங்கோல், சில நேரம் தலைகீழாகப் பிடித்த ஈட்டி. முன்பக்கத்தில் வாகை மாலையின் நாடா கழுத்தில் விழும் விதமும் மாறுகிறது. இவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, அச்சுகளை ஒப்பிட்டு, பிரெஞ்சு அறிஞர் ழான்-பாப்திஸ்த் ழியார் ஆறு தொகுதிகளாகப் பிரித்து, முந்தியது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். ஆண்டு எழுதாத காசுக்கு நாற்காலியின் கால் நாள்காட்டி ஆகிவிட்டது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. இந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, இப்போது சொன்ன டைபீரியஸ் காசு. மற்றொன்று, அகஸ்டஸ் தம் பேரன்மார் கையஸ், லூசியஸ் இருவரையும் கேடயமும் ஈட்டியுமாக நிறுத்தி, கி.மு. 2க்குப் பின் லுக்துனுமில் அடித்தது. அந்த இரண்டு இளைஞர்களின் தலைக்கு மேலே ஒரு வழிபாட்டுக் கரண்டியும் ஒரு வளைகோலும் இருக்கும்; சில காசுகளில் கரண்டி இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842இல் 500க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. இரண்டிலும் இந்த வகைகளே மிகுதி. லியோனில் அடித்த காசு கொங்குநாட்டு மண்ணில் குடம் குடமாகக் கிடக்கிறது.

ஏன் இந்த இரண்டு? கி.பி. 64இல் நீரோ தெனாரியஸின் எடையைக் குறைத்தார்: ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசு என்றிருந்தது 96 ஆனது. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. அதன்பின் அடித்த வெள்ளிக் காசு இங்கே மிகக் குறைவு. நம் வணிகர்கள் பழகிய உருவத்தை, எடை தெரிந்த காசையே கேட்டு வாங்கினார்கள் என்று கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வேறோர் எல்லையிலும் இதே நடந்தது: ஜெர்மானியர்கள் பழைய, விளிம்பு வெட்டிய காசையும் இரட்டைக் குதிரைத் தேர் பொறித்த காசையும்தான் நம்பி வாங்குகிறார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். பாப்பியஸின் ரம்ப விளிம்பு ரைன் ஆற்றங்கரையில் நற்சான்று ஆனது போல, லிவியாவின் நாற்காலி நொய்யல் ஆற்றங்கரையில் ஆகியிருக்கிறது. இந்த உருவங்களைப் பார்த்துச் செய்த போலிகளும் இந்தியாவில் கிடைக்கின்றன. செதுக்கியவர்க்கு லத்தீன் தெரியவில்லை. எழுத்துகள் கோடும் வளையமுமாகச் சிதைந்திருக்கின்றன. ஆனால் கேடயமும் ஈட்டியும் தப்பவில்லை. நம்பிக்கை எழுத்தில் இல்லை, உருவத்தில் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எது காட்டும்? சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக் காசில் உள்ள தலையுருவத்திலும் ரோமானியக் காசின் சாயலை அறிஞர்கள் காண்கிறார்கள்.

பொற்காசுகளுக்கு வேறு கதை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ஔரியஸ் பொற்காசுகள் கிடைத்தன; அவற்றில் சில இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. உள்ளேயும் பொன்னா என்று சோதித்த வெட்டு என்கிறார்கள் சிலர். இனி இது காசாகப் புழங்காது, எடைக்குப் பொன் என்று அறிவித்த வெட்டு என்கிறார்கள் வேறு சிலர். 501இல் இத்தனை பங்கு ஒரே இடத்தில், ஒரே விதமாக வெட்டப்பட்டிருப்பதால் இரண்டாவது விளக்கத்துக்கே நான் சாய்கிறேன். சந்தையில் இப்படி வெட்டுப்பட்ட காசு மலிவு, முகம் கெடாதது விலை அதிகம். நம் நாட்டுச் சேகரிப்பாளர் இந்த அளவுகோலை ஏற்கக்கூடாது. அந்த வெட்டுத்தான் அந்தக் காசின் தமிழ்நாட்டு வாழ்க்கை.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகளைப் பற்றி இங்கே முதன்மையாகப் பாடுபட்டவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூரில் அமராவதிப் படுகையிலும் மதுரையிலும் கிடைத்த, நகத்தளவே உள்ள, தேய்ந்து கறுத்த காசுகளைச் சேர்த்து, படித்து, 1994இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். பத்திரிகை ஆசிரியராக இருந்துகொண்டே செய்த வேலை. அந்தச் செம்புத் துண்டுகளுக்குப் பணமதிப்பு அநேகமாக இல்லை. எந்த ஊர், எந்த ஆறு என்ற செய்தியோடு சேர்த்து அவர் பதிந்ததால்தான் அவை வரலாறாயின. இலங்கையிலும் இதே காலத்துச் செப்புக் காசுகளும் அவற்றின் உள்ளூர்ப் போலிகளும் ஏராளம். கோட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கைக் காசு நூலில் இவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

கிடைத்த இடம் என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சீசரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 42இல் இரண்டு குத்துவாளும் விடுதலைத் தொப்பியும் பொறித்து அடித்த காசின் பொன் வடிவம் ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதன் முந்தைய உரிமை பற்றிக் காட்டிய ஆவணம் பொய் என்று தெரியவந்து, 2023இல் அது கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. காசு உண்மையானது. ஆனால் அது எந்த மண்ணில், வேறு எவற்றோடு கிடந்தது என்பதைத் தோண்டியவர்கள் அழித்துவிட்டார்கள். அதை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது.

நம் நாட்டில் சட்டம் தெளிவு. மண்ணில் புதைந்து கிடைக்கும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது குடம் கிடைத்தால் பகிர்ந்துகொண்டு வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. உருக்கியும் விடுகிறார்கள். உருக்கியவர்க்குக் கிடைப்பது சில ஆயிரம். போவது ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டு காத்திருந்த ஒரு கணக்கேடு.

போலிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினாறாம் நூற்றாண்டில் பாதுவா நகரத்துக் கவீனோ ரோமானியச் செப்புக் காசுகளைப் போல அழகிய பதக்கங்கள் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெக்கர் விற்பதற்கென்றே அச்சுகள் வெட்டினார். இன்று அச்சில் வார்த்துத் தள்ளுகிறார்கள். ஒரே தழும்பு, ஒரே விளிம்புப் பிளவு, ஒரே எடை இரண்டு காசில் இருந்தால் இரண்டையும் வாங்காதீர்கள். வகைகளைப் பார்த்துப் பழகிய கண் போலியையும் பார்த்துவிடும். செப்புக் காசில் இளம்பச்சைத் தூள் பூத்தால் தனியே எடுத்து உலர வையுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கவே இந்த அழைப்பை நான் ஏற்றேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ரோமானியக் காசுகளுக்கு எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பட்டியல் வெளியிட்டார். இந்தியாவில் கிடைத்தவற்றை பவுலா டர்னர் 1989இல் தொகுத்தார். இரண்டும் பேரரசர் வாரியாக, வகை வாரியாகச் செல்கின்றன. நாற்காலிக் கால் வாரியாக ஒருவர் எண்ண வேண்டும். டைபீரியஸ் ஆட்சியின் தொடக்கத் தொகுதிகள் ஒரு புதையலில் மிகுதியாகவும் இன்னொன்றில் பிந்தைய தொகுதிகள் மிகுதியாகவும் இருந்தால், அந்த இரண்டு புதையல்களும் வேறு வேறு காலத்தில் கடல் கடந்தவையா என்று கேட்க முடியும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு, ஒரு வெர்னியர் அளவி, நல்ல கேமரா உள்ள கைபேசி, அனுமதிக் கடிதம் இவை போதும். ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், முன்பக்கத்துக்குப் பின்பக்கம் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, கால்கள் எப்படி, கீழே கோடு எத்தனை, பலகை உண்டா, கோலா ஈட்டியா, வெட்டு உண்டா என்று எட்டுப் பத்தி எழுதுங்கள். ஒரு நாளைக்கு முப்பது காசு பார்க்கலாம். கரண்டி இடமா வலமா என்று அகஸ்டஸ் காசுகளுக்கு இன்னொரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதியதைத் தமிழிலேயே வெளியிடுங்கள்.